வாக்குச்சீட்டுக்கு நன்றியுடன்

அன்புள்ள வாக்குச்சீட்டே,

உனக்கு நன்றி சொல்லி யாரும் மடல் எழுதி நான் பார்த்ததில்லை. விடுதலைக்கு உழைத்தவர்களுக்குச் சிலை வைக்கிறோம். அரசியல் சாசனம் எழுதியவர்களுக்கு விழா எடுக்கிறோம். உன்னையோ, எண்ணி முடித்ததும் கட்டுக்கட்டாகக் கட்டி மூட்டையில் போட்டு, குறித்த காலம் கழிந்ததும் அழித்துவிடுகிறோம். தேர்தல் பணிக்குப் போன பள்ளி ஆசிரியை நான். உன்னை மடித்துக் கொடுத்திருக்கிறேன், பின்புறம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீ விழுந்த பெட்டியை அரக்கு வைத்து மூடியிருக்கிறேன். அந்தப் பழக்கம் தந்த உரிமையில் உன்னை ஒருமையில் அழைத்து எழுதுகிறேன்.

சீட்டே, 1900இல் உலகத்தைப் பார்த்தால், வளர்ந்த ஆணும் பெண்ணும் எல்லோரும் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றக்கூடிய நாடு அநேகமாக இல்லை. 1893இல் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்த நியூசிலாந்து மட்டும் அந்த நிலைக்கு அருகில் வந்து நின்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட நாடுகள் தேர்தலில் ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் நாடுகளாகிவிட்டன. ஏன் இப்படிப் பரவியது என்று கேட்டால் அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். தொழிற்சாலைகள் வந்தன, தொழிற்சங்கங்கள் வந்தன. எழுத்தறிவு பெருகியது. இரண்டு உலகப் போர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்கள் ஆட்சியில் பங்கு கேட்டார்கள். பேரரசுகள் உடைந்தன. 1974இல் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் விழுந்ததிலிருந்து 1990 வரை குறைந்தது முப்பது நாடுகள் மக்களாட்சிக்கு மாறியதை அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் ‘மூன்றாம் அலை’ என்று பெயரிட்டு எழுதினார். எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் காரணங்களெல்லாம் மக்களை வாக்குச்சாவடி வாசல்வரைதான் கொண்டுவந்து விட்டன. உள்ளே போனபின் வலியவனின் கண்ணிலிருந்து எளியவனைக் காத்தது நீ. மக்களாட்சி ஊன்றி நின்ற இடங்களை எடுத்துப் பார்த்தால், பயப்படுகிறவனும் பயப்படாமல் குத்திவிட்டு வரலாம் என்ற நிலையை நீ உண்டாக்கிய இடங்களாகவே அவை இருக்கின்றன.

சீட்டே, நீ வருவதற்கு முன் ஓட்டுப் போடுவது எப்படி இருந்தது என்று படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. நாடாளுமன்றங்களின் தாய் என்று பெருமை பேசும் இங்கிலாந்தில், வாக்காளர் எல்லோர் முன்னிலும் தன் பெயரையும் தான் ஆதரிக்கும் வேட்பாளர் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் பேரேட்டில் எழுதிக்கொள்வார். அந்தப் பேரேட்டை அச்சடித்து விற்கவும் செய்தார்கள். நிலக்காரர் வாங்கிப் பார்ப்பார். தன் குத்தகைதாரன் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். 1868 தேர்தலுக்குப் பிறகு வேல்ஸ் நாட்டில், நிலக்காரரின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த குத்தகைதாரர்கள் பண்ணைகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1838இல் சார்ட்டிஸ்ட் இயக்கத்துத் தொழிலாளர்கள் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் நீயும் ஒன்று. மூன்று முறை மனுவை ஏந்திப் போனார்கள்; மூன்று முறையும் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது.

சீட்டே, உன்னை இங்கிலாந்து மறுத்தது, ஆஸ்திரேலியா பெற்றெடுத்தது. அன்று பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த விக்டோரியாவில் ஹென்றி சாமுவேல் சாப்மன் என்ற வழக்கறிஞர் சட்டத்தின் வரைவை எழுதிக் கொடுக்க, 1856இல் நீ நடைமுறைக்கு வந்தாய். அதே ஆண்டு தெற்கு ஆஸ்திரேலியாவும் உன்னை ஏற்றது. யோசனை எளியதுதான். எல்லா வேட்பாளர் பெயரும் ஒரே தாளில் இருக்க வேண்டும், அரசே அதை அச்சிட வேண்டும், சாவடிக்குள் மட்டுமே கொடுக்க வேண்டும், மறைப்புக்குப் பின்னால் நின்று குறியிட வேண்டும். இந்த நான்கு ஏற்பாடும் சேர்ந்ததுதான் நீ. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எவனாவது ஒருவன் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிடுவான். பதினாறு ஆண்டு கழித்து, 1872இல், இங்கிலாந்தும் உன்னை ஏற்றுக்கொண்டது. ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற பெரிய சிந்தனையாளரே உன்னை எதிர்த்தார். வாக்கு என்பது பொதுப் பொறுப்பு, அதைப் பொதுவில்தான் செலுத்த வேண்டும் என்றார் அவர். அவரை மதித்துப் படிப்பவள் நான். இந்த இடத்தில் அவர் தவறு. பண்ணையாளின் வீட்டுக் கூரை யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

சீட்டே, உன் அருமை எனக்கு முழுதாக விளங்கியது சிலி நாட்டின் கதையில்தான். 1958 வரை அங்கே கட்சிகளே சீட்டு அச்சடித்தன. பண்ணையார் தன் பண்ணையாட்களுக்குச் சீட்டைக் கையில் கொடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போட வைப்பார். வேறு சீட்டைப் போட்டவனுக்குப் பண்ணையில் இடமில்லை. 1958இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி அரசே ஒரே சீட்டை அச்சிட்டது. அவ்வளவுதான் செய்தார்கள். பண்ணையாட்கள் நிறைந்த பகுதிகளில் பண்ணையார்களின் கட்சிகளுக்கு ஓட்டு சரிந்தது. பத்தாண்டுக்குள் நிலச் சீர்திருத்தச் சட்டமும் விவசாயத் தொழிலாளர் சங்கச் சட்டமும் வந்தன. கீழத் தஞ்சைப் பண்ணையாட்களின் கதை தெரிந்த எந்தத் தமிழனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சீட்டே, அதே சிலியில் உன்னைக் கெடுத்தவர்களும் இருந்தார்கள். 1973 செப்டம்பர் 11இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் வாக்காளர் பட்டியலை அழித்தது. 1978இல் ராணுவ ஆட்சியாளர் பினோசே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். ‘ஆம்’ என்பதற்குப் பக்கத்தில் நாட்டுக் கொடியும் ‘இல்லை’ என்பதற்குப் பக்கத்தில் கறுப்புக் கொடியும் அச்சிட்ட சீட்டு அது. பட்டியலே இல்லாமல் நடந்த அந்தக் கூத்தைத் தேர்தல் என்றார்கள். ஆனால் பத்தாண்டு கழித்து, 1988 அக்டோபர் 5 அன்று, புதிதாக எழுதிய பட்டியலில் 74 லட்சம் பேர் பதிவு செய்துகொண்டு வரிசையில் நின்றார்கள். பினோசே இன்னும் எட்டு ஆண்டு ஆளலாமா என்பதுதான் கேள்வி. சீட்டில் இரண்டு சிறு கிடைக்கோடுகள். எது வேண்டுமோ அதன்மேல் பென்சிலால் ஒரு நேர்கோடு இழுத்துச் சிலுவையாக்க வேண்டும். பதினைந்து ஆண்டு ராணுவ ஆட்சியைப் பார்த்த மக்கள், யார் என்ன போட்டார்கள் என்று எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தார்கள். உன் ஓட்டு ரகசியம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எதிர்ப்பாளர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 56 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்ற கோட்டின்மேல் பென்சிலை இழுத்தார்கள். அன்றிரவு அதிபர் மாளிகைக்குள் நுழையும்போது, ‘இல்லை’ ஜெயித்துவிட்டது என்று விமானப் படைத் தளபதி மத்தேயே நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். அத்தனை பீரங்கியும் பினோசே கையில்தான் இருந்தது. அந்த நேர்கோட்டை நினைக்கும்போதெல்லாம் உன்னைக் கும்பிடத் தோன்றுகிறது.

சீட்டே, போலந்தில் உனக்கு இன்னொரு கோலம். கம்யூனிஸ்ட் ஆட்சியில் சீட்டை வாங்கி, எந்தப் பெயரையும் அடிக்காமல், எல்லோரும் பார்க்க அப்படியே பெட்டியில் போட்டுவிட்டுப் போவதுதான் நல்ல குடிமகனின் இலக்கணம். மறைப்புக்குள் போகிறவன்மேல் சந்தேகம் விழும். மறைப்பு இருந்தும் அதனுள் போக முடியாத நாடு அது. 1989 ஜூன் 4 அன்று மக்கள் மறைப்புக்குள் போனார்கள், பேனாவை எடுத்தார்கள், அடித்தார்கள். எதிர்ப்போரே இல்லாமல் ஆட்சித் தரப்பு நிறுத்திய 35 பெரிய தலைகளில் 33 பேர் அடிபட்டு வெளியே விழுந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பெர்லின் சுவரும் இடிந்தது.

சீட்டே, இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உன்னை மிகப் பெரிய சோதனையில் நிறுத்தியது இந்தியாதான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வாக்குரிமையா என்று உலகமே கேட்டது. 1951 அக்டோபர் 25 அன்று இமாசலத்தின் சினி பகுதியில் முதல் வாக்கு விழுந்தது. பனி மூடுவதற்குள் அங்கே முடித்துவிட வேண்டும் என்பதால் நாட்டிலேயே முதலில் அங்கே நடத்தினார்கள். பிறகு 1952 பிப்ரவரி வரை நான்கு மாதம். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்து தெரியாதவர்கள். கணிதம் படித்த சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து உனக்கு ஒரு புது வடிவம் கொடுத்தார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். ரூபாய் நோட்டு அளவில் இருந்த நீ, பெயரும் இல்லாமல் குறியும் இல்லாமல் வாக்காளர் கையில் போவாய். அவர் மறைப்புக்குள் போய் இரட்டைக் காளைக்கோ கதிர் அரிவாளுக்கோ குடிசைக்கோ உன்னைக் கொடுப்பார். எழுத்து தெரியவேண்டாம், மாட்டைத் தெரிந்தால் போதும், கதிரைத் தெரிந்தால் போதும்.

சீட்டே, அந்தத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் நீ செய்த காரியத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, காந்தியின் கட்சி, ஊர்ப் பெரியவர்களெல்லாம் நின்ற கட்சி. 375 இடங்களில் அதற்கு 152தான் கிடைத்தது; கம்யூனிஸ்டுகளுக்கு 62. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றார். யார் ஆளவேண்டும் என்பதல்ல எனக்கு இங்கே முக்கியம். மிராசுதார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற மனிதர், மறைப்புக்குள் போனதும் தன் மனசுப்படி செய்துவிட்டு, வெளியே வந்து பழையபடி கைகட்டி நிற்க முடிந்தது. அந்த ஒரு நிமிடம் நீ அவருக்குக் கொடுத்தது. பிறகு துண்டு தோளுக்கு ஏற இன்னும் பல போராட்டங்கள் வேண்டியிருந்தன. ஆனால் ஓட்டுக் கேட்டு அவர் வாசலுக்கு மிராசுதார் வரவேண்டிய காலம் அந்த மறைப்பில்தான் தொடங்கியது.

சீட்டே, சுகுமார் சென் கற்ற பாடத்தோடு 1953இல் சூடானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் பொதுத் தேர்தலை நடத்திக் கொடுத்தார். மக்களாட்சி ஐரோப்பாவிலிருந்து மட்டும்தான் எல்லாத் திசைக்கும் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகும் அழியாத மை இன்று பல நாட்டு வாக்காளர்களின் விரலில் ஏறுகிறது. உன்னைப் பிரசவித்தது ஆஸ்திரேலியா என்றால், ஏழை நாடுகளில் உனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த பெருமையில் நமக்குப் பங்கு உண்டு.

சீட்டே, உன்னைப் பறிகொடுத்தவர்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஆசியாவில் முதலில் எல்லோருக்கும் வாக்குரிமை கண்ட நாடுகளில் ஒன்று இலங்கை. 1931இலேயே அங்கே ஆணும் பெண்ணும் ஓட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியே தள்ளின. 1952 நாடாளுமன்றத்தில் அவர்கள் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. தேயிலை பறித்துக் கொடுத்த கைகளிலிருந்து உன்னைப் பறித்துக்கொண்டார்கள். எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது. ஓட்டு இல்லாதவன் வீட்டுச் சாலையை எவனும் போடமாட்டான் என்பதை தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்கள் அரை நூற்றாண்டு அனுபவித்தார்கள்.

சீட்டே, தென்னாப்பிரிக்காவிலும் நமக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நேட்டாலில் இந்தியர்கள் புதிதாக வாக்காளர் ஆவதை அடைக்கும் சட்டம் 1896இல் வந்தது. அதை எதிர்க்கத்தான் இரண்டாண்டு முன்பே காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியிருந்தார். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள், கறுப்பின மக்களோடு ஒரே வரிசையில் நின்று ஒரே சீட்டை வாங்க 1994 ஏப்ரல் ஆகவேண்டியிருந்தது. டர்பனுக்குப் பக்கத்தில் இனாண்டாவில் உள்ள ஒரு பள்ளியில் மண்டேலா தம் 75ஆம் வயதில் வாழ்க்கையின் முதல் வாக்கைப் போட்டார். அந்தச் சீட்டை நீ ஞாபகம் வைத்திருப்பாய். கோடிக்கணக்கில் அச்சாகி முடிந்த பிறகு, தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், மண்டேலாவின் கட்சியோடு மோதிக்கொண்டிருந்த இன்காதா கட்சி தானும் நிற்கிறேன் என்றது. சீட்டின் அடியில் அதற்கு ஒரு ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். ரத்தம் சிந்திக்கொண்டிருந்த ஒரு பகை, அந்த ஒட்டுத்தாளில் இடம்பிடித்துத் தேர்தலுக்குள் வந்தது.

சீட்டே, காம்பியா நாட்டில் நீ தாளாகவே இல்லை, கோலிக்குண்டாக இருந்தாய். வேட்பாளருக்கு ஒரு உருளைப் பீப்பாய். வாக்காளர் ஒரு கோலியைக் குழாய் வழியாக உள்ளே போடுவார். உள்ளே ஒரு மணி ஒருமுறை ஒலிக்கும். இரண்டுமுறை ஒலித்தால் கள்ள ஓட்டு. 2016 டிசம்பரில் அந்தக் கோலிகள் 22 ஆண்டு ஆண்ட அதிபர் ஜாமேயைத் தோற்கடித்தன. ஒப்புக்கொண்டார், பிறகு மறுத்தார், கடைசியில் அண்டை நாடுகள் நெருக்கவே நாட்டைவிட்டுப் போனார்.

சீட்டே, உன் பெயரால் நடந்த அநியாயங்களையும் மறைக்கமாட்டேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், எழுத்தறியாத கறுப்பின மக்களை விலக்கிவைக்க உன்னையே தடுப்பாகப் பயன்படுத்தினார்கள். படிக்கத் தெரிந்தால்தான் குறியிட முடியும் என்று சீட்டைச் சிக்கலாக்கினார்கள். ஈராக்கில் சதாம் உசேன் 2002இல் நூற்றுக்கு நூறு என்று அறிவித்துக்கொண்டார். மறைப்பு உண்மையாக இருந்தால் எந்த ஊரிலும் நூற்றுக்கு நூறு விழாது. என் பள்ளி வகுப்புத் தலைவர் தேர்தலிலேயே விழாது.

சீட்டே, இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டது. நேரில் உன்னிடம் பட்ட கடன் வேறு. இப்போது சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி முகம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. எங்கள் சாவடிக்கு ஊராட்சித் தேர்தலில்தான் நீ பழையபடி வருகிறாய். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மை அடுத்த சின்னத்தில் ஒட்டிவிடக் கூடாதே என்று முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்கேயும் மடித்துக் காட்டி, பிரித்துக் கொடுப்போம். ஒரு தடவை ஒரு மூதாட்டியை அவர் மகன் தாங்கிக்கொண்டு வந்தார். ‘அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது டீச்சர், நானே கூடப்போய்க் குத்திடறேன்’ என்றார். எங்கள் தலைமை அலுவலர் விதியைப் புரட்டுவதற்குள் அந்த அம்மா மகன் கையை உதறினார். ‘எனக்கு நல்லாத் தெரியும்யா. நீ வெளிய நில்லு’ என்றார். மறைப்புக்குள் வெகுநேரம் இருந்தார். ஏஜெண்டுகள் முணுமுணுத்தார்கள். வெளியே வந்து நான்கு சீட்டையும் ஒவ்வொன்றாகப் பெட்டியின் வாயில் வைத்து விரலால் உள்ளே தள்ளினார். மகன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்த வீட்டில் அந்த அம்மாவுக்கென்று தனியாக ஒரு பெட்டி, ஒரு அறை, ஒரு பணப்பை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த நாளில் ஒரு கருத்து இருந்தது.

சீட்டே, 1951 பட்டியலில் கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்களின் பெயர் விடுபட்டுப்போனது. சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று எழுதச் சொன்னதால், சுகுமார் சென் அப்படிச் சேர்க்க முடியாது என்று நீக்கிவிட்டார். அன்று அது கடுமையாகத் தோன்றியிருக்கும். அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்கள் பெயர் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு உன்னை அவர்கள் கையில் கொடுத்த முதல் அரசாங்க ஊழியர், என்னைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியராகத்தான் இருந்திருப்பார். அந்த வரிசையில் என்னையும் நிற்க வைத்தாயே, அதற்கு நன்றி.

சீட்டே, தேர்தல் பணிக்குப் போவதால் எனக்கு இன்றும் தபால் ஓட்டுதான். இயந்திரக் காலத்திலும் நீ என் கைக்கு வருகிறாய். யாருக்குப் போட்டேன் என்று என் வீட்டில் யாரும் கேட்பதில்லை. எல்லா வீடும் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். பணம் கொடுத்துச் சத்தியம் வாங்குகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். ‘நம்ம வீட்டு ஓட்டு மொத்தமும் இதுக்குத்தான்’ என்று கணக்குச் சொல்கிறவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். ரகசியமாகப் போட்ட வாக்கை யாருக்குப் போட்டாய் என்று சொல்லச் சொல்லி நீதிமன்றம்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே இந்த மடலை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தேர்தல் நாளில் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் உங்கள் அம்மாவிடம், மனைவியிடம், முதல்முறை ஓட்டுப் போட்ட மகளிடம், யாருக்குப் போட்டாய் என்று கேட்காதீர்கள்.

என்றும் நன்றியுடன்,
உன்னை மடித்துக் கொடுத்த ஓர் ஆசிரியை